சாண்டோரினி அறை விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் எங்கள் டிராவல்ஸ் மூலம் கிரீஸ் போய்வந்த குழுவில் ஒருவர், அங்கே சாண்டோரினி தீவில் தங்கிய ஓட்டலைப் பற்றிப் பேசிய குரல் பதிவு பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காசிக்கு டிக்கெட் போட வருகிறவர்கள்கூட "அந்தப் பாதாள அறை என்னங்க ஆச்சு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் இருந்தால் தப்பாகிவிடும்.

"ராத்திரிக்கு 360 யூரோ வாங்கிக்கொண்டு, ஜன்னல் இல்லாத, ஈர வாடை அடிக்கிற குடோனில் படுக்க வைத்துவிட்டார்கள்" என்பது புகார். ஈர வாடை அடித்தது உண்மை. குடோன் என்று சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தத் தீவின் மேற்குக் கரை, எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பு. கால்டெரா என்று சொல்வது அந்தப் பள்ளத்தைத்தான். ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா எல்லாம் அந்தச் செங்குத்துப் பாறையின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்கள். வீடு கட்ட மரம் கிடைக்காத தீவு என்பதால், இறுகிய எரிமலைச் சாம்பலைப் பக்கவாட்டில் குடைந்தே அங்கே வீடு எடுத்தார்கள். இன்று ஓட்டல் அறையாக வாடகைக்கு விடுவதும் அவற்றைத்தான். கதவு, ஜன்னல் எல்லாம் கடலைப் பார்த்த முகப்பில் மட்டும் இருக்கும். மற்ற மூன்று பக்கமும் மண். கட்டிலும் குளியலறையும் பின்கோடியில் இருப்பதால் அங்கே காற்றோட்டம் கிடையாது. மண்ணின் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து சுண்ணாம்பைப் பொரிய வைக்கும். சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் மாவு. இதே மாதிரி குடைந்த அறை என்றால், இரண்டு மடங்கு வாடகை கொடுத்தாலும் இந்தத் தொல்லை இருக்கும். அங்கே காசு வாங்குவது வாசலில் தெரியும் பள்ளத்துக்கு, அறைக்கு அல்ல.

ஈரத்தைச் சமாளிக்க வழி உண்டு. போனவுடன் கதவைச் சாத்தி, ஏசியை டிரை மோடில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். துவைத்த துணியை உள்ளே காயப்போட வேண்டாம், வாசல் திட்டில் கிளிப் மாட்டிப் போடுங்கள், காற்று பலமாக அடிக்கும். பெட்டியைப் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வீசிங், ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் குகை அறையே வேண்டாம். கிழக்குப் பக்கம் கமாரியில் சாதாரணக் கட்டடம், பால்கனி, கறுப்பு மணல் கடற்கரை எல்லாம் உண்டு, வாடகையும் குறைவு. ஆனால் அங்கிருந்து கால்டெரா தெரியாது. 'கடல் தெரியும் அறை' வேறு, 'கால்டெரா தெரியும் அறை' வேறு. எங்கள் நோட்டீஸில் வந்த நீச்சல் குளப் படம் வேறு ஓட்டலுடையது, மாற்றிவிட்டோம்.

அடுத்து, வரவேற்பறையில் கேட்ட 30 யூரோ. அதில் எங்களுக்குக் கமிஷன் என்று ஒரு பேச்சு. அது கிரீஸ் அரசு வாங்கும் பருவநிலைக் கட்டணம். 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, நான்கு நட்சத்திர ஓட்டலில் அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 யூரோ. மூன்று நட்சத்திரம் என்றால் 5, ஐந்து என்றால் 15. மூன்று இரவுக்கு 30. தலைக்கு அல்ல, அறைக்கு. ஓட்டல்காரர் வசூலித்து அரசுக்குக் கட்டுகிறார், ஒரு சென்ட்கூட எங்கள் பக்கம் வராது. பயணத் திட்டத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. இனி முதல் பக்கத்தில் வரும்.

படிகளைப் பற்றியும் கேட்டீர்கள். சாலையோடு வண்டி நின்றுவிடும், பிறகு அறை வரை படிதான். மூன்று இரவுக்கு எட்டு கிலோவில் ஒரு சின்னப் பை போதும், பெரிய பெட்டியை ஏதென்ஸ் ஓட்டலிலேயே விட்டுவிடலாம். முட்டி வலி இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் சாலையோர அறை கேட்கிறோம்.

கழிவறைக் காகிதத்தைக் கோப்பையில் போடக் கூடாது, குழாய் சிறியது, அடைத்துக்கொள்ளும். பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் மக் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்கவும் காபிக்கும் பாட்டில் தண்ணீர்தான். சைவக்காரர்களுக்கு 'ஃபாவா' என்று கேட்டால் நம் பருப்பு மசியல் மாதிரி ஒன்று வரும், எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம். தக்காளி வடையும் நன்றாக இருக்கும்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் செப்டம்பர் குழுவில் பெயரைத் திரும்பப் பெறாமல் இருப்பவர்களுக்கு, முக்கியமாக எங்களோடு நான்காவது, ஐந்தாவது பயணம் வருகிறவர்களுக்கு, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. விசா விண்ணப்பத்தோடு தங்குமிடப் பதிவையும் காட்ட வேண்டியிருப்பதால் அறைகளுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, முன்பணம் திரும்பாது. குகை அறையா கமாரியா என்று மட்டும் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் கடைக்கு வந்தோ போனிலோ சொல்லிவிடுங்கள். கமாரி என்றால் வாடகை வித்தியாசத்தைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் ஊழியர்களும்
காந்திபுரம், கோயம்புத்தூர்