ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

உங்கள் பிராஸ்டேட் புற்றுநோய் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் வருவது) எலும்புக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னதை மதினி போனில் சொன்னார்கள். நீங்கள் யாரிடமும் பேசுவதில்லையாம், ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களாம், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறீர்களாம். அதே நோய்க்கு அதே ஹார்மோன் ஊசியைச் சில வருடங்களாக நானும் போட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயரைப் போடாமல் இங்கேயே எழுதுகிறேன். இதை வெளியே சொல்லாமல் தவிக்கிற ஆண்கள் வேறு பலரும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

இந்த நோய் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது. அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர். அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை எடுக்கும் ஆபரேஷன்தான் அப்போதைய வழி. ஒரே தடவை, செலவும் குறைவு என்பதால் இன்றும் நம் பக்கம் பலர் அதைச் செய்துகொள்கிறார்கள். ஊசி செய்வதும் அதே வேலைதான், அந்த ஹார்மோனை நிறுத்துவது.

அதனால் மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்கள் படுகிற பாட்டில் பாதியை இப்போது நாம் படுகிறோம். திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறுகிற அந்தச் சூடு, நடுராத்திரியில் நனைந்துபோகும் பனியன், காரணமே இல்லாமல் வருகிற அழுகை எல்லாம் மருந்தின் வேலை. உங்கள் மனசு பலவீனமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மதினி இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், டாக்டரைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்குக் காரமும் கொதிக்கிற காபியும்தான் அந்தச் சூட்டைக் கிளப்பிவிடும். தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள்.

அப்புறம், தாம்பத்திய ஆசை போய்விடுகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் என் மனைவி மீது வெறுப்பு வந்துவிட்டதோ என்று நாங்கள் இருவரும் அத்தனை மாதம் தனித்தனியாக வேதனைப்பட்டிருக்க மாட்டோம். மதினியிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அண்ணே. கோபத்தைவிட அது அவர்களுக்குத் தாங்கக்கூடியது.

ஊசியோடு அந்த ஹார்மோனை இன்னும் அடக்குகிற அபிராடெரோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால் அது வெறும் வயிற்றில்தான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். போட்டபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கூடவே தருகிற பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது, டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி சொன்னால், அது தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால், முதலில் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தினமும் நடங்கள், இந்தச் சோர்வு படுத்தால் கூடத்தான் செய்கிறது.

இந்த நோயின் போக்கைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருவதற்கு முந்தைய நாட்களில் எனக்கு இன்றும் தூக்கம் கெடும். எண் குறைந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம், போய்விட்டது என்றில்லை. ஒரு கட்டத்தில் அது மறுபடி ஏறலாம், அப்போது கீமோ, வேறு மாத்திரை என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் இந்த நோயோடு பல வருடம் வேலை பார்த்து, பேரன் பேத்தியை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகிறவர்களையும் ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருக்கிறேன்.

வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மார்ஃபின் என்றால் பயப்படவும் வேண்டாம், டாக்டர் சொன்ன அளவில் போட்டால் அது உங்களை நடமாட வைக்கும். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: முதுகுவலி கூடி, கால் மரத்தாலோ தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்கினால் ஒருநாள் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.

அடுத்த தடவை மதினியை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் டாக்டர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்வார்கள். தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி