அந்த 30 மதிப்பெண்ணை முள்ளோடைக்கு அனுப்புங்கள்

இணையவழியில் தொழில்முனைவு, வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே உங்களிடம் பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. எங்கள் கோரிக்கை அவர்களுக்காகத்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி பருவத் தேர்வுக்கு 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அகமதிப்பீடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த எழுபதில் நாங்கள் கை வைக்கவில்லை. முப்பதைத்தான் கேட்கிறோம். நான்கு விடையில் ஒன்றைத் தொடும் வினாடி வினாவுக்கும், ஒருவர் எழுதி நாற்பது பேர் பெயர் மாற்றி அனுப்பும் ஒப்படைப்புக்கும் அதைச் செலவழிக்க வேண்டாம். மாணவரின் ஊரில் நடக்கும் ஒரு கடையின், ஒரு பட்டறையின் கணக்குக்குக் கொடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்றால் 4 கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். அதில் 30 சதவீதம் 36 மணி நேரம். ஒரு கடையின் மூன்று மாதக் கணக்கைப் பிரித்துப் பார்க்க அது தாராளம்.

எதைப் பார்க்கச் சொல்வது? முள்ளோடையிலிருந்தே தொடங்கலாம். கடலூரிலிருந்து பாண்டிக்குப் பேருந்தில் போகிறவருக்கு அது இன்னொரு நிறுத்தம். ஜி.எஸ்.டி.க்கு அது மாநில எல்லை. சரக்கு மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். இரண்டு கடைக்கும் 25 லட்சம் விற்பனை என்று வையுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ரெட்டிச்சாவடிக்காரருக்குப் பதிவு தேவையில்லை, அடுத்த நிறுத்தங்களில் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் கன்னியகோயில்காரருக்குக் கட்டாயம். ஆனால் அதே ரெட்டிச்சாவடிக்காரர் வரி உள்ள சரக்கை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு விற்று அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. 40 லட்ச வரம்பு அவருக்கு அப்போதே செல்லாது, முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டும். பாகூர் வீட்டுக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, முகவரி எழுதாத பில்லில் வாங்கிக் கையோடு எடுத்துப் போனால் அது உள்மாநில விற்பனைதான். வில்லியனூர் சுடுமண் பொம்மை போன்ற கைவினைப் பொருளுக்கு மட்டும் வரம்புக்குள் விலக்கு உண்டு. அப்போதும் பான் எண்ணும், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், சரக்கு ஏற்றிப் போக இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும்.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர் எல்லை தாண்டி விற்கவே கூடாது. விற்றால் அந்தச் சலுகை போகும், பழைய வரியும் அபராதமும் சேர்ந்து வரும். இ-வே பில்லும் அப்படித்தான். கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்கு 60,000 ரூபாய்ச் சரக்கை அனுப்பினால் தேவையில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். அதைவிட மிகக் கிட்டத்தில் இருக்கும் பாண்டிக்கு அனுப்பினால் தேவை, வெளிமாநில வரம்பு 50,000. பதிவில்லாத சிறு வியாபாரி இணையக் கடைத் தளத்தில் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். புதுச்சேரிக்காரருக்கு இது எவ்வளவு சின்னச் சந்தை என்று வரைபடத்தைப் பார்த்தால் புரியும். உங்கள் வரித் தாளில் 'மாநிலங்களுக்கிடையேயான வழங்கல்' என்று அரைப் பக்கத்தில் முடிகிற விஷயம், இங்கே வண்டி நிற்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது பண்ருட்டி முந்திரி. செலவுக் கணக்கியலுக்கு இதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. 80 கிலோ மூட்டை 100 வாங்கினால் 8,000 கிலோ கொட்டை. கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் 10.40 லட்சம். நூறு கிலோவுக்கு 25 கிலோ பருப்பு தேறினால் 2,000 கிலோ, சராசரி 700 ரூபாய்க்குப் போனால் 14 லட்சம். உடைப்புக் கூலி, விறகு, டின் எல்லாம் கொட்டைக் கிலோவுக்கு 25 ரூபாய் என்றால் 2 லட்சம். கோடையில் வாங்கிய கொட்டை தீபாவளிக்குக் காசாகிறது, ஆறு மாதத்துக்கு 12 சதவீத வட்டி 62,400. மிச்சம் 97,600 ரூபாய். விலைகள் உதாரணத்துக்குத்தான், மாணவர் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளட்டும். இப்போது தேறுமானத்தை 25இலிருந்து 23 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பருப்பு 160 கிலோ குறையும், 1.12 லட்சம் போகும், லாபம் இருந்த இடத்தில் 14,400 ரூபாய் நஷ்டம் நிற்கும். தேறுமானம் ஏன் குறைகிறது என்றும் அவர் எழுத வேண்டும்: முற்றாத கொட்டை, சரியாகக் காயாமல் மூட்டை பிடித்தது. அவியல் பதம் தவறினால் இன்னொரு அடி. முழுப் பருப்பு உடைந்து துண்டாகும், எடை இருக்கும், விலை இருக்காது. 'டபிள்யூ 320' என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு என்பதையே இங்கேதான் கற்க முடியும். விவசாயியிடம் ஓட்டுக் கொட்டை வாங்கும்போது வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டவருக்கு மதிப்பெண் குறையுங்கள்.

நிதி மேலாண்மைத் தாளுக்குத் தண்டல் கடன். 10,000 ரூபாய் என்று பேசி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மாவிடம் கேட்டால் '1,000 ரூபாய்தானே' என்பார். அசல் நாளுக்கு நாள் குறைவதால் சராசரியாகக் கையில் இருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதை வைத்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம் வருகிறது. போட்ட பணத்துக்கு உண்மையில் என்ன வீதம் வருகிறது என்று காட்டும் ஐ.ஆர்.ஆர். சூத்திரத்தை ஏதோ ஒரு கற்பனை ஆலைக்குப் போடுவதற்குப் பதில் இதற்குப் போடட்டும். ஆனால் தண்டல்காரர் வாசலுக்கே வருகிறார், ஜாமீன் கேட்பதில்லை. அதற்கு ஈடாக வங்கி என்ன தர முடியும் என்பதும் விடையில் இருக்க வேண்டும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றின் திட்ட அறிக்கையில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை இரண்டு. முதல் ஆண்டே முழு உற்பத்தித் திறன் என்று எழுதுவது. மானியத்தைக் கையில் வரும் பணமாக நினைத்து அதில் சரக்கு வாங்கத் திட்டமிடுவது. அந்த மானியம் மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக நிற்கும்.

காப்பீட்டுக்கு ஒரு கேள்வி போதும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல் வந்த ஊர் இது. 10 லட்சம் சரக்கை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 2 லட்சம் சேதமானால் எவ்வளவு கிடைக்கும்? 1 லட்சம். சரக்கின் பாதிக்கே காப்பீடு என்றால் இழப்பீடும் ஏன் பாதி என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக் கேட்டால் காப்பியடிக்க மாட்டார்களா என்பீர்கள். கடையின் பில் படங்களை வாடிக்கையாளர் பெயரை மறைத்து இணைக்கச் சொல்லுங்கள். பிறகு பத்து நிமிடக் காணொளி அழைப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கேளுங்கள்: கொட்டை 130க்குப் பதில் 145 என்றால்? தானே கணக்குப் போட்டவர் தட்டுத் தடுமாறியாவது சொல்வார். இந்த ஒப்படைப்பைத் தமிழில் எழுதவும் அனுமதியுங்கள். பற்று, வரவு, கைமாத்து, சீட்டு என்று தமிழில் எழுதிய நோட்டை ஆங்கிலமாக்கும் உழைப்புக்கு மேலாண்மையில் இடமில்லை.

சேர்க்கைப் பக்கத்தில் இரண்டு சிறு வேலைகள். 2024 முதல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐ.டி. இல்லாமல் சேர முடியாது, அதற்கு மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் ஏ.பி.சி. கணக்கின் எண் வேண்டும், அது ஆதாரைப் பார்க்கும். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்றால் சிக்கல் வரக்கூடும். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே தமிழில் இதை எச்சரியுங்கள். 'எங்கள் மையத்தில் சேர்ந்தால் தேர்வு பார்த்துக்கொள்கிறோம்' என்று தட்டி வைக்கிறவர்களுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்று முகப்பிலேயே போடுங்கள், மானியக் குழுவின் விதியும் படிப்பை வெளியாருக்கு உரிமம் விட்டு நடத்துவதைத் தடுக்கிறது.

வரும் ஜனவரிப் பருவத்தில் ஒரே ஒரு தாளில் இதைச் செய்து பாருங்கள். செலவுக் கணக்கியல் என்றால் நல்லது. கொட்டை வரத்து தொடங்குவதற்கு முன்னால் ஒப்படைப்பைக் கொடுத்தால், வாங்கும் விலையிலிருந்தே மாணவர் எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கடலூர் – புதுச்சேரிச் சிறுதொழில் கணக்கர்கள், திட்ட அறிக்கை தயாரிப்போர் சிலர்