பாலம் நிக்குது, கணக்கு எங்க? ரோடு, பாலம் டிசைன் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல ரோட்டு வடிகால், கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலம்), பாலம்னு டிசைன் பண்ற, செக் பண்ற, கையெழுத்து போடுற பொறியாளர்களுக்கும், கன்சல்டன்சில உக்காந்து டி.பி.ஆர் (விரிவான திட்ட அறிக்கை) தயாரிக்கிறவங்களுக்கும், அந்த ஃபைலை எல்லாம் பீரோல வெச்சிருக்கிற டிவிஷன் ஆபீஸ்காரங்களுக்கும் வணக்கம்.

நானும் ஹைட்ராலிக்ஸ் கணக்கு, அதாவது எவ்வளவு தண்ணி வரும், எப்படிப் போகும்னு கணக்கு போட்டு சம்பளம் வாங்குற ஆள்தான். அதனால இதை வெளிய நின்னு திட்டுற மடலா எடுத்துக்காதீங்க, நம்ம ஆளுங்களுக்குள்ள பேசுறதா நெனச்சுக்கோங்க, ஆனா கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ., ஊத்தங்கரைல 50 செ.மீ., சாத்தனூர் அணைல இருந்து தென்பெண்ணைல ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டாங்க, திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டுல சுமார் 16 கோடி ரூபாய்ல கட்டி செப்டம்பர்ல திறந்த உயர்மட்டப் பாலத்தை மூணே மாசத்துல ஆறு அடிச்சிட்டுப் போயிருச்சு. அடுத்த ஒரு வாரம் டிவிலயும் ஃபோன்லயும் நடந்த சண்டை என்ன? ஒரு பக்கம் "ஊழல்", இன்னொரு பக்கம் "இயற்கை, யார் என்ன பண்ண முடியும்". அந்தப் பாலத்தோட டிசைன் சரியா தப்பாங்கிறதை நான் இங்க பேச வரல. நான் கேக்கறது வேற. அந்தச் சண்டைல ஒருத்தர் கையிலயாவது ஹைட்ராலிக்ஸ் ஷீட் இருந்துச்சா? டிசைன் டிஸ்சார்ஜ், அதாவது பாலம் தாங்கணும்னு எடுத்துக்கிட்ட வெள்ள அளவு எவ்வளவு, அது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், மேல இருக்கிற அணைல திறந்து விடுறதைக் கணக்குல சேர்த்தாங்களா, சேர்க்கலைன்னா ஏன், அடித்தளத்தை எந்த ஸ்கவர் லெவலுக்கு (வெள்ளம் ஆத்து மண்ணை அரிக்கிற ஆழம்) கீழ கொண்டு போனாங்க, இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதின தாள் அன்னைக்கே பொதுவுல இருந்திருந்தா பாதி சண்டை ஓஞ்சிருக்கும், மிச்சப் பாதி உருப்படியான சண்டையா இருந்திருக்கும்.

நம்ம வேலைல நம்பரை எழுதி வைக்கிறோம், அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுங்கிறதை எழுதுறதில்ல. பிரச்சனை மொத்தமும் அங்கதான்.

ஒரு உதாரணம் போட்டே காட்டுறேன். 25 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உள்ள ஓடை, ரைவ்ஸ் ஃபார்முலா, நம்ம ஊருக்குன்னே பிறந்த ஃபார்முலா அது, நீர்ப்பிடிப்புப் பரப்பை வெச்சு வெள்ளத்தை மதிப்பிடும், அதுல சிங்கிற எண்ணை இடத்துக்கேத்த மாதிரி நாம தேர்ந்தெடுக்கணும். கடற்கரைல இருந்து 80 கி.மீ.க்குள்ளன்னா சி மதிப்பு 6.8, 80ல இருந்து 160 கி.மீ.ன்னா 8.5, மலையடிவாரத்துல இருக்கிற சின்னப் பரப்புன்னா 10.2. கணக்குப் போட்டா முறையே விநாடிக்கு 58, 73, 87 கன மீட்டர் வரும். ஒரே ஓடை, ஒரே பரப்பு, ஒரே ஃபார்முலா, ஆனா சின்ன விடையை விட பெரிய விடை ஒன்றரை மடங்கு. இப்ப ஃபைலைத் தொறந்தா "சி = 8.5" அப்படின்னு மட்டும் இருக்கு. ஏன் 8.5? ஓடை மலைல இருந்து இறங்குதா? கடற்கரைல இருந்து தூரத்தை எங்க அளந்தாங்க? 25 சதுர கி.மீ.ன்னு எந்த டோப்போ ஷீட்ல (சர்வே வரைபடம்) கோடு போட்டாங்க, நடுவுல இருக்கிற ஏரிங்க தடுத்து வெக்கிற பரப்பைக் கழிச்சாங்களா இல்லையா? ஒண்ணும் கிடையாது. மத்திய நீர்வள ஆணையம் துணை மண்டலம் வாரியா வெள்ள மதிப்பீட்டு அறிக்கை போட்டிருக்கு, அதை வெச்சு இன்னொரு தடவை ஒத்துப் பாத்தாங்களாங்கிறதும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சு அந்த ஓடை ரோட்டு மேல ஏறுச்சுன்னா, புதுசா வர்ற ஏ.இ. (உதவிப் பொறியாளர்) என்ன பண்ணுவாரு? முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு, அவரும் அதே மாதிரி ஒரு வரி எழுதி வெச்சிட்டு டிரான்ஸ்ஃபர்ல போவாரு.

அடுத்தது எச்.எஃப்.எல்., அதாவது இதுவரைக்கும் வந்ததுலயே உசந்த வெள்ள மட்டம். "உள்ளூர் விசாரணைப்படி." இந்த ரெண்டு வார்த்தையை எத்தனை ஃபைல்ல பாத்திருப்போம்! யாரை விசாரிச்சீங்க, எந்த வருஷத்து வெள்ளத்தைச் சொன்னாரு, எந்தச் சுவத்துல கை வெச்சுக் காட்டினாரு, அந்த இடத்துல ஸ்டாஃப் (அளவுக் கம்பு) புடிச்சு லெவல் எடுத்தீங்களா, பாலத்துக்கு மேல பக்கமா கீழ பக்கமா, எவ்வளவு தூரம்? ஆத்தோரத்துல மாட்டுத் தொழுவம் வெச்சிருக்கிற ஒரு பெரியவர் தொழுவத்துக் கல்தூணைக் காட்டி "இந்தக் குழி வரைக்கும் வந்துச்சு"ன்னு சொல்றாருன்னு வெச்சுக்கோங்க, அது தங்கமான தகவல், வேற எந்த கேஜும் (நீர்மட்டம் அளக்கிற அளவுகோல்) இல்லாத ஓடைக்கு அதுதான் கேஜ். அதை ஒரு போட்டோ, ஒரு ஸ்கெட்ச், ஒரு தேதியோட வெக்காம "உள்ளூர் விசாரணைப்படி 98.450"ன்னு எழுதினா அந்தப் பெரியவர் போனதோட அந்த வெள்ளமும் போச்சு.

98.450ன்னதும் இன்னொண்ணு. அந்த நம்பர் கடல் மட்டத்துல இருந்து இல்ல. சைட்டுக்குப் போன சர்வேயர் பழைய கல்வெர்ட் கைப்பிடிச் சுவர் மேல சிவப்பு பெயின்ட்ல ஒரு அம்புக்குறி போட்டு 100.000ன்னு வெச்சுக்கிட்டாரு, எல்லா லெவலும் அதுல இருந்துதான். வேலை ஆரம்பிச்ச மொத நாள் ஜே.சி.பி அந்தக் கைப்பிடிச் சுவரைத்தான் இடிக்கும், ஏன்னா அகலப்படுத்தணும்னா அதைத்தானே மொதல்ல எடுக்கணும். அவ்வளவுதான், ஃபைல்ல இருக்கிற பெட் லெவல் (ஆத்துப் படுகை மட்டம்), எச்.எஃப்.எல், சாஃபிட் லெவல் (பாலத்தோட அடிப்பக்க மட்டம்) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கும், ஆனா பூமியோட ஒட்டாம அந்தரத்துல தொங்கும். மேல இருக்கிற ஏரிக் கலிங்கலோட (உபரித் தண்ணி வழியிற இடம்) லெவல் நீர்வளத்துறை கிட்ட ஜி.டி.எஸ்ல, அதாவது கடல் மட்டத்துல இருந்து அளந்த சர்வே கணக்குல இருக்கும், நம்ம கல்வெர்ட் 100.000ல இருக்கும், ரெண்டையும் ஒப்பிடவே முடியாது. போதாததுக்கு அவங்க கன அடில பேசுவாங்க நாம கன மீட்டர்ல பேசுவோம், அவங்க எண்ணை 35.3ஆல வகுக்கணும். சாத்தனூர்ல சொன்ன அந்த ஒன்றரை லட்சம் நம்ம ஷீட்ல சுமார் 4,250ன்னு வரும், அவசரத்துல மீட்டிங்ல ரெண்டையும் கலந்து பேசுறதைக் கேட்டா தலை சுத்தும்.

நாலு வழிச்சாலைல நடக்கிற கூத்து தனி. பழைய ரெண்டு வழி ரோட்டுல ஒரு பைப் கல்வெர்ட் இருக்கு, அதை எந்தக் காலத்துல எந்தக் கணக்குல போட்டாங்கன்னு ஒரு தாளும் இல்ல. கன்சல்டன்ட் எழுதுறாரு: "தற்போதுள்ள நீர்வழி போதுமானது, தண்ணீர் மேலே ஏறியதாகத் தகவல் இல்லை." அதே சைஸ் பைப்பை ரெண்டு பக்கமும் நீட்டியாச்சு. அந்தப் பைப் போட்டதுக்கு அப்புறம் மேல இருந்த புஞ்சை எல்லாம் பிளாட் ஆகி சிமெண்ட் ரோடு போட்டு தண்ணி ஓடிவர்ற வேகமே மாறியிருக்கும், ரோடும் ஒரு மீட்டர் உசந்திருக்கும், முன்னாடி வெள்ளம் வந்தா ரோட்டு மேல ஏறிப் போயிரும், இப்ப ஏற வழி இல்லாம பக்கத்து ஊருக்குள்ள போகும். பழைய கணக்கு கையில இருந்திருந்தா எந்த ரன்ஆஃப் எண்ணை (மழைல எவ்வளவு பங்கு ஓடிவரும்ங்கிறது) எடுத்திருக்காங்கன்னு பாத்து மாத்தியிருக்கலாம். இல்லாததால "போதுமானது" ஒரு ஃபைல்ல இருந்து இன்னொரு ஃபைலுக்கு காப்பி பேஸ்ட் ஆகிக்கிட்டே இருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா இந்த மண்ணுல ரெக்கார்டு வெக்கத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. 1880கள்ல மதராஸ் மாகாணத்துல ஏரி சீரமைப்புத் திட்டம்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு ஏரிக்கும் டேங்க் மெமோயர் எழுதினாங்க. கரை நீளம், கலிங்கல் நீளம், மதகு, தனி நீர்ப்பிடிப்பு எவ்வளவு, மேல இருக்கிற ஏரியையும் சேர்த்தா எவ்வளவு, எல்லாம் இருக்கும். இன்னைக்கும் ஏரிக்குக் கீழ ஒரு கல்வெர்ட் டிசைன் பண்ணணும்னா அந்தப் பழுப்புத் தாளைத்தான் தேடிப் போறோம். கால்குலேட்டர் கூட இல்லாத காலத்து ஆளுங்க எழுதினது நமக்கு உதவுது, நாம போன மாசம் லேப்டாப்ல போட்டது அடுத்த வருஷம் நமக்கே உதவ மாட்டேங்குது.

ரெக்கார்டு போனா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரனைக் கேட்டா தெரியும். 1987 ஏப்ரல் 5, நியூயார்க் மாநிலத்துல ஸ்கோஹாரி ஓடைப் பாலம் வெள்ளத்துல ஸ்கவர் ஆகி விழுந்து 10 பேர் செத்தாங்க. விசாரணை அறிக்கைல, தூணைச் சுத்திப் பாதுகாப்பு கல் சரியா பராமரிக்காததோட, கட்டும்போது பயன்படுத்தின பிளானும் ஸ்பெசிஃபிகேஷனும் தெளிவில்லாம இருந்ததையும் ஒரு காரணமா எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க தண்ணி மேல இருக்கிற ஒவ்வொரு பாலத்துக்கும் ஸ்கவர் கணக்கு போடச் சொன்னாங்க, போடப் போனா பல்லாயிரம் பாலங்களுக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், மண்ணுக்குள்ள இறக்கின பைல் தூண் இருக்கா இல்லையான்னே தெரியல, டிராயிங் தொலைஞ்சு போச்சு. "அஸ்திவாரம் தெரியாதவை"ன்னு அதுக்குத் தனி வகையே வெச்சு, மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க டெஸ்டு மேல டெஸ்டு பண்ணாங்க. ஒரு டிராயிங்கைப் பத்திரமா வெக்க ஆகிற செலவு என்ன, இதுக்கு ஆன செலவு என்ன!

நம்ம கொள்ளிடத்துல 1928ல கட்டின பழைய இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சாஞ்சு விழுந்ததைத் திருச்சிக்காரங்க கண்ணால பாத்தாங்க. நல்லவேளை, போக்குவரத்தைப் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு முன்னாடியே மாத்தியாச்சு. மணல் அள்ளி ஆத்துப் படுகை இறங்குனதுதான் காரணம்னு பேசினாங்க, பேச்சு சரி, ஆனா எந்த ஆத்துல எந்தப் பாலத்துக்கு இதைச் சொன்னாலும் நிரூபிக்கிறதுக்கு ஒரே வழி கட்டும்போது இருந்த பெட் லெவல், அப்புறம் வருஷா வருஷம் எடுத்த பெட் லெவல். அஸ்திவார டிசைன்ல நாம ஸ்கவர் ஆழத்துக்கான லேசி ஃபார்முலா போட்டு சராசரி ஸ்கவர் எடுத்து தூணுக்கு 2 மடங்கு, அபட்மென்ட்டுக்கு (பாலத்தோட ஓரத் தாங்கு சுவர்) 1.27 மடங்குன்னு போறோம், அதுல சில்ட் ஃபேக்டர், அதாவது மணலோட பருமனைக் காட்டுற எண் எந்த போர்ஹோல்ல (மண் பரிசோதனைத் துளை) எந்த ஆழத்து மணலுக்கு எடுத்ததுன்னு எழுதலைன்னா, படுகை ரெண்டு மீட்டர் இறங்கின பிறகு இன்னும் எவ்வளவு பிடிமானம் மிச்சம்னு யாரால சொல்ல முடியும்?

சரி, ஏன் எழுத மாட்டேங்குறோம்? சோம்பேறித்தனம்னு சொன்னா அது பொய். பயம். எழுதி வெச்சா நாளைக்கு விஜிலென்ஸ் கேப்பான், ஆடிட் பாரா வரும், ஆர்.டி.ஐ போடுவாங்க, கோர்ட்ல காட்டுவாங்க. இதை என்கிட்ட வாய்விட்டுச் சொன்னவங்க உண்டு. நான் நேர் எதிரா நெனைக்கிறேன். 100 வருஷ வெள்ளத்துக்கு டிசைன் பண்ண ஒரு பாலம் 50 வருஷம் நின்னா அந்தக் காலத்துக்குள்ள அதைத் தாண்டின வெள்ளம் ஒரு தடவையாவது வர்றதுக்குக் கிட்டத்தட்ட 40 சதவீதம் வாய்ப்பு இருக்கு, இது வெறும் கணக்கு. அப்படி ஒரு நாள் வந்து பாலம் போச்சுன்னா, "இந்தத் தேதில இந்தத் தகவல்தான் கிடைச்சுது, இந்த விதிமுறைப்படி இதை எடுத்தேன், இன்னொரு முறைல போட்டா இவ்வளவு வந்துச்சு, இந்தக் காரணத்துக்காக இதை விட்டேன்"னு ஒரு பக்கம் இருந்தா அந்த இன்ஜினியர் தலை நிமிந்து நிக்கலாம். அது இல்லைன்னா அவர் யோக்கியனா இருந்தாலும் திருடன் மாதிரிதான் முழிக்கணும். அதோட, தகவல் உரிமைச் சட்டம் 2005ல பிரிவு 4 ரெக்கார்டை எல்லாம் பட்டியல் போட்டு ஒழுங்கா வைன்னு ஏற்கனவே சொல்லுது, "கோப்பு கண்டறிய இயலவில்லை"ங்கிறது பதிலே கிடையாது.

இப்ப சாஃப்ட்வேர் காலம், அதனால சரியாயிரும்னு ஒருத்தர் சொன்னாரு. ஆகாது சார். ஹெக்-ராஸ்ல (ஆத்து வெள்ளத்தைக் கணக்குப் போடுற சாஃப்ட்வேர்) ஓட்டி கலர் கலரா ஸ்கிரீன்ஷாட் எடுத்து பி.டி.எஃப்ல ஒட்டிக் குடுக்கிறாங்க, மாடல் ஃபைல் வர்றதில்ல. மேனிங் என் (ஆத்தோட சொரசொரப்பைக் காட்டுற எண்) எவ்வளவு வெச்சாங்க, கீழ்ப்பக்க பவுண்டரில தண்ணி மட்டத்தை என்னன்னு எடுத்தாங்க, ஆத்தோட குறுக்கு வெட்டு சைட்ல எடுத்ததா இல்ல சாட்டிலைட் டெம்ல (நில உயரத்தைக் காட்டுற டிஜிட்டல் மேப்) இருந்து இழுத்ததா, 30 மீட்டர் டெம்ல 10 மீட்டர் அகல ஓடை தெரியவே தெரியாதே! எக்செல் ஷீட்டும் ஃபார்முலாவை அழிச்சிட்டு வேல்யூவா ஒட்டித்தான் வருது. கன்சல்டன்சிய மட்டும் குத்தம் சொல்லி என்ன, டி.பி.ஆர் அப்ரூவல் ஆனதும் பில் செட்டில், ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கணும்னு டெண்டர்ல ஒரு வரி இல்ல.

அதனால அந்த வரியைச் சேருங்க. மாடல் ஃபைல், உயிரோட இருக்கிற எக்செல், சர்வே பாயின்ட், நீர்ப்பிடிப்பு மேப், சைட் போட்டோ எல்லாம் ஒப்படைச்சு இன்னொரு இன்ஜினியர் அதை வெச்சு அதே விடையை வர வெச்சுக் காட்டினாத்தான் கடைசி பில்னு போடுங்க. வேலை முடிஞ்சதும் ஆஸ்-பில்ட் டிராயிங்ல (கட்டி முடிச்ச நிலைமையைக் காட்டுற டிராயிங்) டிசைன்ல இருந்து எங்க மாறுச்சுன்னு எழுதுங்க, சைட்ல அஸ்திவாரக் கிணறு ரெண்டு மீட்டர் முன்னாடியே பாறைல உக்காந்துச்சுன்னா அது எம்.புக்ல (வேலை அளவுப் புத்தகம்) மட்டும் இருந்தா போதாது. ஆபீஸ் நடைமுறைல எதை நிரந்தரமா வெக்கணும்னா ஆர்.டிஸ்.னு போடுவோம்ல, பாலத்தோட ஹைட்ராலிக்ஸ் ஃபைலுக்கு அந்த முத்திரையைப் போடுங்க, பாலம் இருக்கிற வரைக்கும் அது இருக்கணும், இடிச்சாலும் புதுப் பாலம் டிசைன் பண்றவர் கைக்குப் போகணும். இடிக்கிற சுவத்துல பெஞ்ச்மார்க் (லெவல் அளக்க ஆரம்பிக்கிற புள்ளி) வெக்காதீங்க, ஜி.டி.எஸ்ஸோட கோத்து இடிக்காத ஒரு இடத்துல இன்னொண்ணு வைங்க.

வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வருது. வெள்ளம் வடிஞ்ச மறுநாள் சேத்துக் கோடும் குப்பையும் தூண்ல அப்படியே ஒட்டியிருக்கும், நாலு நாள்ல காஞ்சு உதிர்ந்துரும். அந்த மறுநாள் செக்‌ஷன் ஏ.இ. ஒருத்தர் போயி பெயின்ட்ல கோடு போட்டு, தேதி எழுதி, லெவல் எடுத்து, அந்தப் பாலத்து ஃபைல்லயே சேர்க்கணும். இதுக்கு ஜி.ஓ. (அரசாணை) வேண்டாம், ஃபண்டு வேண்டாம், ஈ.இ. (செயற்பொறியாளர்) சொன்னாப் போதும்.

இப்படிக்கு,
உங்க கணக்கைத் திரும்பப் போட்டுப் பாக்க வேண்டி வர்ற ஒரு ஹைட்ராலிக்ஸ் இன்ஜினியர்