கைகால் விறைப்பை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பக்லிடாக்செல், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் ஏற்றப்படும் நோயாளருக்கு விரல் நுனியிலும் பாதத்திலும் விறைப்பு (மரத்துப்போதல்), எரிவு, மின்சாரம் அடித்தாற்போன்ற குத்து வருவதுண்டு. இது நரம்பு வலி. பனடோலுக்குப் பெரும்பாலும் அடங்காது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலொக்செற்றின் போன்ற குளிசைகளை வைத்தியர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டு நாளில் சரிவரவில்லையென்று நிறுத்திவிடுவது வீண்; நாட்பட எடுத்ததைத் திடீரென விடுவதோ ஆபத்து. விறைப்பை அடுத்த மருந்தேற்றலுக்கு முன்பே சொன்னால் ஏற்றும் மருந்தின் அளவைக் குறைக்கலாம், தள்ளியும் போடலாம். (கோணேசர் கோயிலுக்கு மதிய வெயிலில் வெறுங்காலோடு போகாதீர்கள், சுடுவது தெரியாது, பிறகு கொப்புளம்தான் தெரியும்.) முதுகுவலியோடு கால் பலமிழந்தால், சிறுநீர் அடைத்தால், கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்: முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம்.

வாசகர்,
திருகோணமலை