ரெட்மைன் நிர்வாகிகளுக்கு: அந்த அட்மின் டிக்கை எடுத்துவிடுங்கள்

வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடர உதவும் ரெட்மைன் மென்பொருளின் பராமரிப்பைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

'அட்மினிஸ்ட்ரேஷன்' பக்கத்தில் யூசர்ஸ் பட்டியலைத் திறந்து, அட்மின் (முழு நிர்வாக அதிகாரம்) பத்தியில் எத்தனை டிக் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபது பேர் கொண்ட அணிக்கு இரண்டு போதும். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவதும். அதற்கு மேல் நிற்பவை பெரும்பாலும் ஏதோ ஓர் அவசரத்தில், "டிக்கெட்டைக் குளோஸ் பண்ண முடியல" என்று யாரோ வந்து நின்றபோது கொடுத்தவை. அவசரம் தீர்ந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். டிக் மட்டும் அப்படியே இருக்கும்.

டிக் போட்டதும் அவருக்கு வேலை நடந்துவிடுகிறது, உண்மைதான். ஏன் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாதாரணப் பயனர் ஒரு டிக்கெட்டைத் திறக்கும்போது, அந்த புராஜெக்ட்டில் அவருக்கு இருக்கும் ரோலையும் (பொறுப்பு) டிக்கெட்டின் டிராக்கரையும் (பக், புது வசதி போன்ற வகை) சேர்த்துப் பார்த்து, எந்த ஸ்டேட்டஸிலிருந்து எதற்கு மாற்றலாம் என்று ரெட்மைன் முடிவு செய்கிறது. அட்மின் என்றால் எல்லா ரோல்களுக்கும் உள்ள எல்லா மாற்றங்களையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிடுகிறது. பழுது இருந்தது ஒர்க்ஃப்ளோவில், அதாவது இந்த மாற்றங்களுக்கான விதிகளில். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதே ரோலில் அடுத்து வருபவரும் அதே குறையோடு உங்களிடம் வருவார்.

சரியான வழி ஐந்து நிமிட வேலை. 'ஒர்க்ஃப்ளோ' பக்கத்தில் ரோலையும் டிராக்கரையும் தேர்ந்தெடுத்தால் கட்டங்கள் விரியும். இடப்பக்கம் இருப்பது இப்போதைய ஸ்டேட்டஸ், மேலே இருப்பது போக வேண்டிய ஸ்டேட்டஸ். வேண்டிய கட்டத்தில் டிக் போட்டு சேவ் செய்யுங்கள். பலர் தடுமாறுவது ஓரிடத்தில்: 'இந்த டிராக்கரில் பயன்படும் ஸ்டேட்டஸ்களை மட்டும் காட்டு' என்ற பெட்டி தானாகவே டிக் ஆகி இருக்கும். புதிதாகச் சேர்த்த ஸ்டேட்டஸ் இன்னும் எந்த மாற்றத்திலும் வராததால் கட்டத்தில் தெரியவே தெரியாது. அந்த டிக்கை எடுத்துவிட்டுத் திரும்ப எடிட்டை அழுத்தினால் வந்துவிடும். அதே பக்கத்தின் கீழே, டிக்கெட்டை எழுதியவருக்கும் அது ஒப்படைக்கப்பட்டவருக்கும் மட்டும் கூடுதலாகத் தரக்கூடிய மாற்றங்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. "நான் போட்ட பக்கை நானே ரீஓப்பன் பண்ணணும்" என்று டெஸ்டர் கேட்டால், ரோல் முழுவதற்கும் திறந்துவிட வேண்டாம். எழுதியவருக்கான கட்டத்தில் ஒரு டிக் போதும்.

இதையெல்லாம் செய்தும் ஸ்டேட்டஸ் மாறவில்லை என்றால் ரோலின் பெர்மிஷனைப் பாருங்கள். டிக்கெட் சேர்க்கவோ திருத்தவோ அனுமதி இல்லாத ரோலின் ஒர்க்ஃப்ளோவை ரெட்மைன் கணக்கிலேயே எடுப்பதில்லை. புது ரோல் உருவாக்கும்போது 'காப்பி ஒர்க்ஃப்ளோ ஃப்ரம்' என்ற இடத்தில் பழைய ரோல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை வெறுமையாக விட்டால் பெர்மிஷன்கள் அத்தனையும் இருந்தும் ஸ்டேட்டஸ் நகராது. 'டிக்கெட்டைக் குளோஸ் பண்ண முடியல' என்ற புகாரின் வேர் பல சமயம் இந்த ஒரு பெட்டிதான்.

அட்மின் டிக் எதையெல்லாம் கையில் கொடுக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தனிப்பட்ட புராஜெக்ட்டையும் பார்க்கலாம், யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம், ஒரு புராஜெக்ட்டையே அழித்துவிடலாம். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத ஒன்றும் இருக்கிறது. ரெஸ்ட் ஏபிஐ (பிற நிரல்கள் ரெட்மைனோடு பேசும் வழி) திறந்திருந்தால், அட்மினின் ஏபிஐ கீயுடன் (அந்த வழிக்கான ரகசியச் சாவி) 'எக்ஸ்-ரெட்மைன்-ஸ்விட்ச்-யூசர்' என்ற ஹெடரில் இன்னொருவரின் லாகின் பெயரைச் சேர்த்து அனுப்பினால் போதும். அந்தச் செயல் அந்த இன்னொருவர் செய்ததாகவே பதிவாகும். ஸ்கிரிப்ட் ஒன்றில் அட்மின் கீயை எழுதி கிட் (Git) நிரல் களஞ்சியத்தில் ஏற்றியிருந்தால், அந்தக் களஞ்சியத்தைப் படிக்க முடிந்த எல்லோர் கையிலும் இந்த அதிகாரம் இருக்கிறது. 2021-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இரண்டடுக்கு உள்நுழைவு உண்டு, கட்டாயம் இயக்குங்கள். ஆனால் ஏபிஐ கீக்கு அந்த இரண்டாம் படி கிடையாது. ஸ்கிரிப்ட்டுக்கென்று தனிப் பயனர், அவருக்கு வேண்டிய புராஜெக்ட்டில் மட்டும் ஒரு சிறிய ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், நிர்வாகத்துக்குத் தனிக் கணக்கும் வைத்திருப்பது நல்லது.

இனி கிளையன்ட் விஷயம். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். புதிய புராஜெக்ட் 'பப்ளிக்' ஆக உருவாவதுதான் ரெட்மைனின் இயல்பு அமைப்பு. 'லாகின் கட்டாயம்' என்று செட்டிங்கில் வைத்திருக்கிறோமே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பெயர் தெரியாதவர்களை மட்டுமே தடுக்கும். லாகின் உள்ள எவரும், தான் உறுப்பினராக இல்லாத பப்ளிக் புராஜெக்ட்டுக்குள் 'நான்-மெம்பர்' (Non member, உறுப்பினர் அல்லாதவர்) என்ற உள்ளமைந்த ரோலோடு நுழைகிறார். ஒரு கிளையன்ட்டுக்கு லாகின் கொடுத்த அன்றே, இன்னொரு கிளையன்ட்டின் டிக்கெட்டுகள் அவர் கண்ணில் படலாம். செட்டிங்ஸில் புராஜெக்ட்ஸ் தாவலில் அந்த இயல்பு அமைப்பை அணையுங்கள். அது இனி வருபவற்றுக்குத்தான். பழைய புராஜெக்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பப்ளிக் டிக்கை எடுக்க வேண்டும். 'நான்-மெம்பர்' ரோலின் பெர்மிஷன்களையும் காலியாக்குங்கள்.

கிளையன்ட்டின் ரோலுக்கு டிக்கெட் பார்க்க, சேர்க்க, குறிப்பெழுத என்று மூன்று பெர்மிஷன் போதும். நேரக் கணக்கு வேண்டாம். 'யூசர்ஸ் விசிபிலிட்டி'யைத் தான் பார்க்கக்கூடிய புராஜெக்ட்டுகளின் உறுப்பினர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். இல்லையேல் உங்கள் நிறுவனத்தின் மொத்தப் பெயர்ப் பட்டியலும் அவருக்குக் கிடைக்கும். ஒரே புராஜெக்ட்டுக்குள் இரண்டு கிளையன்ட்டை வைத்து, 'தான் எழுதியவை அல்லது தனக்கு ஒப்படைத்தவை மட்டும்' என்ற கட்டுப்பாட்டால் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதே கிளையன்ட்டின் சக ஊழியர் போட்ட டிக்கெட்டும் அவருக்கு மறைந்துவிடும், ஒரு வாரத்தில் நீங்களே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டி வரும். கிளையன்ட்டுக்கு ஒரு புராஜெக்ட் என்று பிரியுங்கள்.

ரோல்கள் ஒன்றோடொன்று கூடுமே தவிரக் குறையாது. நேரடியாகக் கொடுத்த சிறிய ரோலும், குரூப் வழியாக வந்த பெரிய ரோலும் சேர்ந்தால் பெரியதுதான் செல்லும். 'இன்ஹெரிட் மெம்பர்ஸ்' டிக் உள்ள துணை புராஜெக்ட்டுகளுக்கு, தாய் புராஜெக்ட்டில் சேர்த்தவர் தானாகவே வந்துவிடுவார். யாருக்கு எது தெரிகிறது என்று சந்தேகம் வந்தால் ரோல்ஸ் பக்கத்தில் உள்ள பெர்மிஷன்ஸ் ரிப்போர்ட்டில் எல்லா ரோல்களும் ஒரே அட்டவணையில் இருக்கும். அதோடு நிற்காமல், கிளையன்ட் ரோலில் ஒரு சோதனைக் கணக்கு வைத்து, நீங்களே லாகின் செய்து பாருங்கள்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை டிலீட் செய்யாதீர்கள். அவர் எழுதிய டிக்கெட்டுகளும் குறிப்புகளும் பெயரில்லாதவர் எழுதியதாக மாறிவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. லாக் செய்யுங்கள். லாக் ஆனதும் லாகினும் ஏபிஐ கீயும் நின்றுவிடும், வரலாறு அப்படியே இருக்கும். ஆனால் அவர் பேரில் உள்ள திறந்த டிக்கெட்டுகள் அவர் பேரிலேயே கிடக்கும், அவற்றைப் பற்றிய மெயிலும் அவருக்குப் போகாது. அதனால் லாக் செய்யும் முன்பே அசைனி (ஒப்படைக்கப்பட்டவர்) ஃபில்டரில் அவர் பெயரைப் போட்டு, வரும் டிக்கெட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அடுத்தவருக்கு மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ரெட்மைனைப் பராமரிக்கும் சிலர்