காதர், உன் பேத்தி கேட்ட கேள்விக்கு

தூத்துக்குடி
ஞாயிறு மாலை

அன்பு காதர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் இடது முழங்கால்தான் காரணம். ஊசி போட்டிருக்கிறார்கள், மாடிப்படி ஏறக்கூடாதாம். புத்தகமெல்லாம் மாடியில், நான் கீழே. ஸ்டெல்லாவை நாலு தடவை மேலே அனுப்பினேன். ஐந்தாவது தடவை அவள் பார்த்த பார்வையில், ஞாபகத்தில் இருப்பதை வைத்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"மக்காவிலிருந்து தப்பிப் போனவர்களைக் காப்பாற்றியது கிறிஸ்தவ ராஜா என்றால், அவர் எப்படி அதற்கு முன்னாலேயே கிறிஸ்தவர் ஆனார், அங்கே வெள்ளைக்காரன் போனானா?" என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். பொல்லாத கேள்விதான். முதல் பாதியை, அதாவது நபிகளின் தோழர்கள் எத்தியோப்பிய ராஜாவிடம் அடைக்கலம் போனதை, மதரஸாவில் சொல்லியிருப்பார்கள். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் இரண்டு பாதியையுமே யாரும் சொன்னதில்லை. எத்தியோப்பியாவில் மெக்கெல்லே ஊரில் எட்டு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போயிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளைக்காரன் போகவில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடு. போனவர்கள் இரண்டு பையன்கள். இன்றைய லெபனானில் இருக்கும் தீர் பட்டணத்துக்காரர்கள், பெயர் புருமென்சியுஸ், எதேசியுஸ். மெரோப்பியுஸ் என்ற தத்துவ ஆசிரியர் இவர்களையும் கூட்டிக்கொண்டு 'இந்தியா'வைப் பார்க்கக் கிளம்பினார். சிரிக்காதே, அந்தக் காலத்தில் செங்கடலுக்குக் கீழே இருந்ததெல்லாம் அவர்களுக்கு இந்தியாதான். திரும்பும்போது தண்ணீர் பிடிக்கக் கப்பல் ஒரு துறையில் ஒதுங்கியது. ரோமாபுரிக்கும் அந்தக் கரைக்காரர்களுக்கும் உடன்படிக்கை முறிந்திருந்த நேரம். கப்பலில் இருந்த எல்லாரையும் வெட்டிப்போட்டார்கள். இந்த இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்களாம். பாவம் பார்த்து ராஜாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த மரத்தடியை விட்டு மனசு நகர மறுக்கிறது. படித்ததால் உயிர் பிழைத்தவர்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் அசையவே மாட்டார்கள்.

அக்சூம்தான் அன்றைய எத்தியோப்பிய ராஜ்ஜியம். அதன் ராஜா சின்னவனைப் பானம் பரிமாற வைத்துக்கொண்டார், பெரியவனிடம் கணக்கு வழக்கைக் கொடுத்தார். ராஜா செத்ததும் ராணி, "என் மகன் தலையெடுக்கும் வரை இருங்கள்" என்று கெஞ்சினாள். அந்த இடைவெளியில் புருமென்சியுஸ் செய்த வேலை ஒன்றே ஒன்று. வியாபாரத்துக்கு வரும் ரோமானியர்களில் கிறிஸ்தவர்கள் யார் என்று விசாரித்து, அவர்கள் கூடி ஜெபிக்க இடம் கொடுத்தான். பிரசங்கம், அற்புதம் எதுவும் கதையின் இந்தக் கட்டத்தில் வரவில்லை. சரக்கோடு வந்தவர்கள் தங்கி ஜெபிக்க ஒரு கூரை, அவ்வளவுதான். அப்புறம் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய், எங்களுக்கு ஓர் ஆயரை அனுப்புங்கள் என்று அங்கே சபைத் தலைவராக இருந்த அத்தனாசியுஸிடம் கேட்டிருக்கிறான். "உன்னை விட யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லி அவனையே ஆயராக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். ருபீனுஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் இதையெல்லாம் எழுதிவைத்தார். பின்னால் தீருக்குத் திரும்பிக் குருவான எதேசியுஸின் வாயால் கேட்டது என்கிறார்.

அந்த மகன்தான் எசானா. அவன் காசுகளை அக்சூம் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். நம் பழைய பத்துப் பைசா அளவுகூட இருக்காது, தங்கம். நடுவில் ராஜா தலை, இரண்டு பக்கமும் இரண்டு கோதுமைக் கதிர். முந்தைய காசில் தலைக்கு மேலே பிறையும் வட்டமும் இருக்கும், அது அவர்களின் பழைய தெய்வங்களுக்கு. பிந்தைய காசில் அதே இடத்தில் சிலுவை. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். ஒரு நாட்டின் மதம் மாறியது நகக்கண் அளவு இடத்தில் தெரிகிறது. கல்வெட்டிலும் அப்படித்தான். முதலில் 'வெல்ல முடியாத மஹ்ரெமின் மகன்' என்று அவர்களின் போர்த் தெய்வத்தின் பெயரால் தன்னைச் சொல்லிக்கொண்டவன், பிறகு 'விண்ணுலகின் ஆண்டவர்' துணையால் வென்றதாக எழுதுகிறான். அதற்கடுத்த காலத்துச் செப்புக் காசுகளில் கிரேக்கத்தில் ஒரு வாசகம் பொறித்திருப்பார்கள்: 'இது நாட்டுக்குப் பிடிக்கட்டும்.' சில்லறைக் காசில் ஜனங்களிடம் கெஞ்சிய ராஜாக்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எசானா பக்தியால் மட்டும் மாறினான் என்று நான் நம்பவில்லை. செங்கடல் கரையில் இருந்த அதுலிஸ் துறைமுகம் வழியாகத் தந்தமும் தங்கமும் ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தியே கிறிஸ்தவராகிவிட்ட காலம். வாடிக்கைக்காரன் கும்பிடும் சாமியைக் கடைக்காரனும் கும்பிட்டால் நஷ்டம் இல்லையே. ஆனால் தலையாட்டிப் பொம்மையாகவும் இருக்கவில்லை. 356 வாக்கில் சக்கரவர்த்தி கான்ஸ்தான்சியுஸ், அத்தனாசியுஸோடு சண்டை போட்டுக்கொண்டு, "புருமென்சியுஸை அனுப்புங்கள், விசாரிக்க வேண்டும்" என்று எசானாவுக்கும் அவன் தம்பிக்கும் கடிதம் எழுதினார். எத்தியோப்பியத் திருச்சபை கடைசிவரை அத்தனாசியுஸ் பக்கம்தான் நின்றது. அடைக்கலம் வந்தவனைக் கேட்டு வெளியூரிலிருந்து ஆள் வருவது அந்த அரண்மனைக்கு அதுவே முதல் தடவை. இரண்டாவது தடவைதான் உன் பேத்திக்குத் தெரிந்த கதை.

அந்தக் கதையை உனக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் எனக்குப் பிடித்த இடங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 615. மக்காவுக்குப் பக்கத்தில் செங்கடலின் ஷுஐபா கரையில் இரண்டு வியாபாரக் கப்பல்கள், அரை தினார் கூலி. மக்காக்காரர்களுக்கு ஹபஷா, அதாவது எத்தியோப்பியா, ஏற்கெனவே போய் வந்துகொண்டிருந்த சந்தை, வழி புதிதில்லை. பின்னாலேயே மக்காவை ஆண்ட குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸை அனுப்புகிறார்கள். சும்மா அனுப்பவில்லை, ராஜாவுக்குப் பிடித்த தோல் சாமான்களோடு. முதலில் ஆயர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டு அப்புறம்தான் ராஜாவைப் பார்க்கிறான். நம் ஊர் ஆபீஸ் நடைமுறை ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

அகதிகள் சார்பில் ஜஃபர் பேசுகிறார்: செத்ததைத் தின்றோம், உறவை அறுத்தோம், பலமுள்ளவன் இளைத்தவனை விழுங்கினான், அப்படியிருந்த எங்களிடம் ஒரு தூதர் வந்தார் என்று. ராஜா, "அவர் கொண்டுவந்ததில் ஏதாவது ஓது" என்றதும் குர்ஆனில் மர்யம் சூராவை எடுக்கிறார். ராஜாவின் தாடி நனைய, ஆயர்கள் விரித்து வைத்திருந்த ஏடுகள் நனைய அழுதார்களாம். இதை நமக்குச் சொல்வது அங்கே அகதியாக இருந்த உம்மு சலமா என்பதை உன் பேத்தியிடம் மறக்காமல் சொல். இப்னு இஸ்ஹாக் எழுதியது ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான். ஆனால் கதையின் வேர் ஒரு பெண்ணின் ஞாபகம்.

மறுநாள்தான் சிக்கல், இயேசுவைப் பற்றி. "ஈஸாவை இவர்கள் அடிமை என்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்" என்று அம்ர் கொளுத்திப் போடுகிறான். ஜஃபர் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் இட்ட வார்த்தை என்கிறார். ராஜா தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, "நீ சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சியளவுகூட வித்தியாசம் இல்லை" என்கிறார். ஆயர்கள் உறுமுகிறார்கள். "உறுமினாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் பரிசுகளைத் திருப்பிக் கொடுக்கிறார். வித்தியாசம் நிறையவே இருக்கிறது, உனக்கும் எனக்கும் தெரியும். அந்த ராஜாவுக்கும் தெரிந்திருக்கும். அந்த ராஜா, நஜ்ஜாஷி, பின்னால் இஸ்லாத்தைத் தழுவினார், அவர் இறந்த செய்தி கேட்டு நபிகள் மதீனாவிலிருந்தே ஜனாஸா தொழுதார் என்று நீ சொல்வாய். எத்தியோப்பியத் திருச்சபை தன் ராஜா கிறிஸ்தவராகவே செத்தார் என்கிறது. இதில் நமக்குள் பஞ்சாயத்து வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் ஒருவர் போனார். உபைதுல்லா இப்னு ஜஹ்ஷ், அடைக்கலம் வந்த இடத்திலேயே கிறிஸ்தவராகி அங்கேயே இறந்தார். அவர் மனைவி உம்மு ஹபீபா மாறவில்லை. அவரும் உம்மு சலமாவும் அங்கே பார்த்த 'மரியா' என்ற கோயிலையும் அதன் சுவரில் இருந்த படங்களையும் பற்றிப் பிற்பாடு நபிகளிடம் சொன்னது ஹதீஸில் இருக்கிறது. நபிகள் அந்தப் படங்களை ஏற்கவில்லை, அது வேறு விஷயம். இரண்டு அரபுப் பெண்கள் கோயில் சுவரை அண்ணாந்து பார்த்து நிற்பதுதான் என் கண்ணில் இருக்கிறது.

அம்ர் பிற்பாடு முஸ்லிமாகி, படையோடு எகிப்துக்குப் போனதும் உனக்குத் தெரியும். 642ல் அலெக்சாந்திரியா அவர் கையில். அங்கே எகிப்தியக் கிறிஸ்தவர்களின் கோப்து சபைத் தலைவர் பெஞ்சமின், பைசாந்தியர்களுக்குப் பயந்து வருஷக்கணக்கில் ஒளிந்து கிடந்தார். அவருக்கு அபயம் கொடுத்து வெளியே வரவழைத்தது இந்த அம்ர்தான்! அகதிகளைப் பிடித்துக்கொடு என்று கேட்டவர், புருமென்சியுஸை அனுப்பிய அதே பீடத்தின் அகதிக்கு அடைக்கலம் கொடுத்தார். அந்தப் பீடத்திலிருந்துதான் 1959 வரை எத்தியோப்பியா தன் சபைத் தலைவரைப் பெற்றுக்கொண்டிருந்தது.

மொழி விஷயம் ஒன்று. என் மாணவர்கள் பாடப்புத்தகத்தை 'மட்ஸ்ஹஃப்' என்பார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பட்டுத்துணியில் சுற்றி உன் அத்தா வைத்திருந்தாரே குர்ஆன் பிரதி, 'முஸ்ஹஃப்', அது அந்த நாட்டு கீஸ் மொழியிலிருந்து அரபுக்குப் போன சொல் என்கிறார்கள். ஐந்தாவது சூராவின் பெயரான 'மாயிதா'வும் அப்படித்தானாம். ஆளின் வேரும் அங்கிருந்துதான்: நபிகள் காலத்தில் பாங்கு சொன்ன பிலால் ஹபஷி வம்சத்துக்காரர். நம் பள்ளிவாசல்களில் பாங்கு சொல்பவரையே 'பிலால்' என்கிறோம், ஒரு மனிதனின் பெயர் உத்தியோகத்தின் பெயராகிவிட்டது.

இனி உன் பேத்தியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய வேண்டியது. அக்சூம் ஊருக்குள் இன்றைக்கும் பள்ளிவாசல் கட்ட விடமாட்டார்கள். மக்காவில் கோயில் கட்ட விட்டால் நாங்களும் விடுவோம் என்பார்கள். அடைக்கலம் கொடுத்த ஊர்தான், காதர். அங்கே சீயோன் மரியாவின் பழைய கோயிலுக்குள் பெண்களுக்கும் இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே போனேன், ஸ்டெல்லா வெயிலில் வெளியே நின்றாள். அன்றைக்கு வாங்கியதை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். முஸ்லிம் அறுத்த கறியைக் கிறிஸ்தவன் தொடமாட்டான், கிறிஸ்தவன் அறுத்ததை முஸ்லிம் தொடமாட்டான். காப்பிக்கு மட்டும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து மூன்று சுற்றும் குடிப்பார்கள்.

மெக்கெல்லேயிலிருந்து அடிக்ராட் போகும் வழியில் நெகாஷ் இருக்கிறது. நஜ்ஜாஷி மன்னரும் அகதிகள் பதினைந்து பேரும் அடக்கம் என்று நம்புகிற இடம். இரண்டு தடவை போனேன். 2020 கடைசியில் நடந்த சண்டையில் குண்டு விழுந்து பள்ளிவாசல் சேதமானது. அப்போது நாங்கள் ஊர் திரும்பி இரண்டு வருஷம். அந்தப் பக்கம் போன் தொடர்பே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது. பிறகு ஒரு பழைய மாணவன் படம் அனுப்பினான். அவன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிய ஆர்த்தடாக்ஸ் பையன். படத்தின் கீழே 'எங்கள் நெகாஷ்' என்று எழுதியிருந்தான்.

சரி, ஊர்ச் செய்தி. உப்பளத்தில் இந்த வருஷம் மழை பிந்திப் போய் நல்ல உப்பு வாரல். மூத்தவன் வீடு மாற்றிவிட்டான், சின்னவளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. உன் சர்க்கரை எப்படி? சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த கணக்கை மட்டும் எழுதி என்னை ஏமாற்றாதே. பனிமயமாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5ஆம் தேதி வருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய். இந்த முறை பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு மக்ரூன் வாங்கி வைக்கிறேன், உனக்குக் கிடையாது. இன்னும் என்னென்ன கேட்பாளோ, அதற்குள் மாடிப்படி ஏறத் தேறிவிடுவேன்.

உன்
சேவியர்