கொடைக்கானல் நண்பர்களுக்கு: காட்டுத்தீ நேரம், கவனம்

வணக்கம். மலையில் புல் காய்ந்து கிடக்கிறது, காற்றும் பலமாக அடிக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் இந்த வாரம் காட்டுப் பக்கம் போகவே வேண்டாம். சருகு, குப்பை எதையும் கொளுத்தாதீர்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். மாட்டிக்கொண்டால் மேலே ஓடாமல், ஏற்கெனவே எரிந்து கருகிய தரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

புகை சூழ்ந்தால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். ஊதுபத்தியும் விறகடுப்பும் அப்போதைக்கு வேண்டாம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம்தான்; கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தீ கண்ணில் பட்டால் முதலில் 101க்கு அழையுங்கள், அப்புறம் குழுவில் போடுங்கள்.